வாய் மூடினால் போதுமா?

– ஒரு முன்னாள் ஆசிரியை

நம் பள்ளியின் மாடிப்படி திரும்புகிற இடத்தில் ‘அமைதி காக்க’ என்று எழுதிய பலகை ஒன்று தொங்குகிறது. நான் இரட்டைச் சடையும் பாவாடையுமாக அந்தப் படிகளில் ஓடிய நாளிலும் அது அங்கே இருந்தது. பிறகு சாக்பீஸ் பெட்டியும் வருகைப் பதிவேடுமாக முப்பதாண்டுகளுக்கு மேல் ஏறி இறங்கியபோதும் இருந்தது. ஓய்வு பெற்றபின், விழா நாட்களில் விருந்தாளியாக வருகிற இப்போதும் இருக்கிறது. இடையில் இரண்டு மூன்று தடவை வர்ணம் மாறியதுதான் மிச்சம். அந்தப் பலகைக்குக் கீழேதான் பிள்ளைகள் அதிகம் பேசுவார்கள் என்பது வேறு விஷயம்!

ஆண்டு மலருக்கு எழுதும்படி மதர் அவர்கள் கேட்டபோது எனக்கு அந்தப் பலகைதான் நினைவுக்கு வந்தது. அத்துடன் ஒரு சிறுமி கேட்ட கேள்வியும் வந்தது. அந்தக் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு முதல் வெள்ளிக்கிழமை. ஒரு பள்ளியின் மாணவிகளுக்காக நடந்த திருப்பலிக்கு நானும் போயிருந்தேன். பாடற்குழுவினர் அருமையாகப் பாடினார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்னுரை ஒன்று, முதல் வாசகத்துக்கு ஒரு முன்னுரை, இரண்டாம் வாசகத்துக்கு ஒரு முன்னுரை, காணிக்கைப் பொருட்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மைக்கின் முன் வரிசையாக வந்து போனார்கள். குருவானவர் “மன்றாடுவோமாக” என்றார். அந்தச் சொல்லின் கடைசி எழுத்து அடங்குமுன்னே மன்றாட்டின் முதல் வரி தொடங்கிவிட்டது. நன்மை வாங்கும்போது ஒரு பாட்டு. அது முடிந்ததும் நன்றிப் பாட்டு, நான்கு சரணம். அதற்குப் பின் நன்றிச் செபம், அதற்கும் பின் வேன் கட்டணத்தைப் பற்றிய அறிவிப்பு. இரண்டு பாட்டுக்கு நடுவே இடைவெளி வந்தால்கூடக் கீபோர்டு வாசித்த பெண் விரல்களை எடுக்கவில்லை. ஏதோ ஒரு இராகத்தை மெதுவாக இழைத்துக்கொண்டே இருந்தாள். இடைவெளி விடக்கூடாது என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அறிவிப்பின் நடுவில் மின்சாரம் போயிற்று. மைக் நின்றது, கீபோர்டும் நின்றது, மின்விசிறிகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. அப்போதுதான் வெளியே மழை பெய்துகொண்டிருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. என் பக்கத்தில் இருந்த ஆறாம் வகுப்புச் சிறுமி என் புடவையைத் தொட்டு, “டீச்சர், பூசை முடிஞ்சிடுச்சா?” என்று கேட்டாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். சத்தம் நின்றால் ஒன்று எல்லாம் முடிந்துவிட்டது, அல்லது ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றுதானே நாம் அவளுக்குப் பழக்கியிருக்கிறோம்?

மௌனம் வழிபாட்டின் இடைவெளி அன்று. அது வழிபாட்டின் ஓர் உறுப்பு. இதை நான் என் சொந்தப் பக்தியினால் சொல்லவில்லை. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தின் 30ஆம் பிரிவைப் பாருங்கள். மக்கள் வழிபாட்டில் முழுமையாகப் பங்கெடுக்க வேண்டும் என்று சொல்லி, பதிலுரைகள், பாடல்கள், செயல்கள், உடல் நிலைகள் என்று வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையோடு சேர்த்தே, உரிய நேரங்களில் பக்தியான மௌனமும் காக்கப்பட வேண்டும் என்கிறது. பாடுவது பங்கெடுப்பு, மௌனமாயிருப்பது சும்மா இருப்பது என்று நாம் பிரித்துக்கொண்டோம். சங்கம் அப்படிப் பிரிக்கவில்லை.

திருப்பலி நூலின் பொதுப் போதனையோ இடத்தையே குறித்துக் கொடுக்கிறது. பாவங்களை நினைத்து வருந்தும்போது ஒரு மௌனம், ‘மன்றாடுவோமாக’ என்ற அழைப்புக்குப் பின் ஒரு மௌனம், வாசகத்துக்கும் மறையுரைக்கும் பின் ஒரு மௌனம், நற்கருணை வாங்கியபின் ஒரு மௌனம். ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு. முதலாவதில் நாம் நமக்குள்ளே போகிறோம். வாசகத்துக்குப் பின் கேட்டதை அசை போடுகிறோம். நன்மை வாங்கியபின் உள்ளுக்குள் புகழ்ந்து செபிக்கிறோம்.

இந்த நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது ‘மன்றாடுவோமாக’ என்பதற்குப் பின் வருவது. அதற்குப் பின் குருவானவர் சொல்லும் செபத்துக்கு இலத்தீனில் ‘கொல்லெக்தா’ என்று பெயர். சேர்த்தெடுப்பது என்பது அதன் பொருள். அதாவது, அந்தச் சில நொடிகளில் கோவிலில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் மனதிலுள்ள மன்றாட்டை எடுத்து வைக்கிறார்கள். கணக்குப் பரீட்சையை நினைத்து ஒருத்தி, கருப்பைக் கட்டியோடு ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மாவை நினைத்து ஒருத்தி, கடன் தவணையை நினைத்து ஒரு தகப்பனார். அவற்றையெல்லாம் சேர்த்தெடுத்துக் குருவானவர் இறைவனிடம் கொடுக்கிறார். மௌனமே விடாமல் செபத்தைத் தொடங்கிவிட்டால் அவர் எதைச் சேர்ப்பது? பூப்பறிக்க நேரம் கொடுக்காமலே கூடையை எடுத்துப் போவது போலத்தான் அது. திருத்தந்தை பிரான்சிஸ் 2018 ஜனவரி 10ஆம் நாள் புதன்கிழமை மறைக்கல்வி உரையில் இதைத்தான் விளக்கினார். அந்த மௌனத்தைக் காக்கும்படியும் அவசரப்படாதிருக்கும்படியும் குருக்களுக்கு அழுத்தமாகப் பரிந்துரைத்தார். உரோமையிலும் அவசரம் உண்டு போலிருக்கிறது என்று நினைத்து நான் சற்று ஆறுதல் அடைந்தேன்.

“டீச்சருக்கு வயதாகிவிட்டது. பழைய இலத்தீன் பூசையை நினைத்து ஏங்குகிறார்கள்” என்று சிலர் நினைக்கலாம். இல்லவே இல்லை. அந்தப் பூசையை நான் சிறுமியாயிருந்து பார்த்திருக்கிறேன். குருவானவர் பீடத்தின் பக்கம் திரும்பி நின்று, முக்கியமான செபத்தைத் தமக்கு மட்டும் கேட்கும்படி சொல்வார். கோவில் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் அது பாதிக்கு மேல் எங்களுக்கு ஒன்றும் விளங்காததால் வந்த அமைதி. பெண்கள் செபமாலை உருட்டினார்கள், பிள்ளைகள் மடியில் தூங்கினோம், எழுந்தேற்ற மணி அடித்தால் எழுப்பப்பட்டோம். 1960களின் நடுவில் பூசை தமிழுக்கு வந்தபோது என் பாட்டி முதன்முறையாகத் தன் சொந்த மொழியில் பதில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்கள். அந்த வரத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? நாங்கள் பெற்ற தமிழைப் பேசிப் பேசி, கேட்பதற்கு இடமில்லாமல் செய்துவிட்டோமே என்பதுதான் என் கவலை.

இதுவரை எழுதியதைச் சகோதரிகளும் பெற்றோரும் ஒப்புக்கொள்வார்கள். இனிச் சொல்லப்போவது என் மாணவிகளுக்கு. பெரியவர்களும் வாசித்தால் நல்லது.

பெண்பிள்ளைகளிடம் மௌனத்தைப் புகழ்வதற்கு எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. பிறந்த நாளிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் புத்திமதியில் பாதி அதுதானே? “வாயாடி என்று பேர் வாங்காதே.” “எதிர்த்துப் பேசாதே.” “மௌனம் கலக நாஸ்தி.” கல்யாணப் பேச்சு வந்து, பெண் தலையைக் குனிந்துகொண்டால், “மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி.” அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பதை அவள் ‘சரி’ என்று சொன்னதாகவே எழுதிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வரும் பிள்ளையிடம் நான் “மௌனமாயிரு மகளே, கடவுள் பேசுவார்” என்றால், அவள் காதில் அது இன்னும் ஓர் அதட்டலாகத்தானே விழும்?

என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். கடைசி வரிசை, நல்ல கையெழுத்து. ஒரு நாளும் பேச்சுக்காகத் தண்டனை வாங்கியதில்லை. இடைவேளையில் எல்லாரும் வெளியே ஓடும்போது இவள் மட்டும் சிற்றாலயத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். மற்றப் பிள்ளைகளுக்கு அவளை முன்மாதிரியாகக் காட்டினேன். முன்னேற்ற அறிக்கையில் நடத்தைக்கு எதிரே, ‘மிகவும் அமைதியானவள். பக்தியுள்ளவள்’ என்று சிவப்பு மையில் எழுதினேன். முழுப்பரீட்சை முடிந்து ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. படிப்பை நிறுத்தி வெளியூரில் உறவினர் வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அவள் தோழி சொன்னாள். “அவளுக்குக் கிறிஸ்துமஸ் லீவிலேயே தெரியும் டீச்சர். யார்கிட்டயும் சொல்லல.” ஐந்து மாதம்! அந்த ஐந்து மாதமும் நான் அவளைத் தினம் பார்த்தேன். அவள் செபித்துக்கொண்டிருந்தாளா, விக்கித்துப்போய் இருந்தாளா என்று ஒரு தடவைகூட கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் தகப்பனாரிடம் பேசியிருக்கலாம். ஆளை அனுப்பியிருக்கலாம், கட்டணத்துக்கு வழி செய்திருக்கலாம். அவளுடைய அமைதி எனக்கு வசதியாக இருந்தது. ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் இருந்த வகுப்பில் தொந்தரவு தராத ஒருத்தி!

ஆகவே மௌனம் இரண்டு வகை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று பேச்சை நிறுத்திவிடுவது, மற்றது பேச்சுக்குக் காது கொடுப்பது. வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். உதடு இரண்டிலும் மூடித்தான் இருக்கிறது.

இதை விவிலியத்தில் மிகத் தெளிவாகக் காட்டுகிறவள் ஒரு பெண். சாமுவேல் முதல் நூலின் முதல் அதிகாரத்தில் வரும் அன்னாவைத்தான் சொல்கிறேன். பிள்ளையில்லாதவள். அதைச் சொல்லிக்காட்டி ஆண்டுதோறும் அழவைக்கும் சக்களத்தி ஒருத்தி. கணவர் நல்லவர்தான், ஆனால் நான் உனக்குப் பத்துப் பிள்ளைகளை விட மேல் இல்லையா என்று கேட்டு ஆறுதல் சொல்லப் பார்க்கிறவர். (நல்ல கணவர்களும் சில வேளை இப்படித்தான்.) அவள் சீலோவிலிருந்த ஆண்டவரின் கோவிலுக்குப் போய், மனம் கசந்து அழுது, மன்றாடினாள். உதடு அசைந்தது, குரல் கேட்கவில்லை. வாசற்படியருகே இருக்கையில் அமர்ந்திருந்த குரு ஏலி அதைக் கவனித்தார். சத்தமில்லாத செபம் அவருக்குப் புதிது போலும். குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டிக் கண்டித்தார்.

இங்கேதான் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ஆண்டவரிடம் அத்தனை நேரம் குரலில்லாமல் பேசியவள், குருவின் தவறான சொல்லுக்கு முன்னால் வாய்மூடி நிற்கவில்லை. ‘பெரியவர் சொல்லிவிட்டார், போகட்டும்’ என்று தலையைக் குனிந்துகொண்டு திரும்பவும் இல்லை. மரியாதை குறையாமல், ஐயா என்று விளித்தே, தான் குடிக்கவில்லை என்றும், மனவேதனையை ஆண்டவர் முன் கொட்டிக்கொண்டிருந்ததாகவும், தன்னைக் கெட்டவளாக எண்ண வேண்டாம் என்றும் எடுத்துச் சொன்னாள். ஏலியும் பெரிய மனிதர். தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டு ஆசீர் அளித்து அனுப்பினார். அதன்பின் அவள் சாப்பிட்டாள், அவள் முகம் வாடியிருக்கவில்லை என்று நூல் சொல்கிறது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே முகம் மாறிவிட்டது! அவளுடைய மௌன செபம் அவளுக்குக் கொடுத்த முதல் வரம், குருவின் முன்னால் நிமிர்ந்து பேசும் தைரியம் என்றே நான் நினைக்கிறேன்.

நற்செய்தியிலும் இப்படித்தான். எரிகோவின் வழியோரத்தில் பார்வையற்ற பர்த்திமேயு கூப்பிட்டபோது கூட்டத்தார் பலர் அவனைப் பேசாதிருக்கும்படி அதட்டினார்கள். அவன் இன்னும் உரக்கக் கத்தினான். இயேசு கூட்டத்தின் பக்கம் சேரவில்லை. நின்று, அவனைக் கூப்பிடச் சொன்னார். நம் ஆண்டவர் ஏரோதின் முன்னே ஒரு வார்த்தையும் பதில் சொல்லாமல் நின்றது உண்மை. வேடிக்கை பார்க்க விரும்பியவனுக்கு அவர் கொடுத்த பதில் அது. ஆனால் அதற்குமுன் தலைமைக் குருவின் வீட்டில் ஒரு காவலன் கன்னத்தில் அறைந்தபோது, தாம் பேசியது தவறானால் தவறு எதுவென்று காட்டும்படியும், சரியானால் ஏன் அடிக்கிறாய் என்றும் அவனைக் கேட்டாரே! அடி வாங்கும் பெண்ணுக்கு ஏரோதின் முன் நின்ற இயேசுவை மட்டும் படமாகக் காட்டி, இந்த இயேசுவை மறைத்துவிடுவது நியாயமாகாது.

நம் தாய் மரியாளைச் சொல்லாமல் விடலாமா? எல்லாவற்றையும் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தவள் என்று லூக்கா எழுதுகிறார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, மரியாள் பேசவே மாட்டாள் என்பது போல நாம் பிரசங்கம் கேட்டு வளர்ந்தோம். வலியோரை அரியணையிலிருந்து இறக்குகிறவர், பசித்தோரை நிரப்புகிறவர் என்று கடவுளை வாய்விட்டுப் பாடியவளும் அவளே. அவள் பாடியது சக்கரியாவின் வீட்டில். குருவாகிய சக்கரியாவோ அப்போது பேச்சிழந்திருந்தார். குருவானவர் ஊமையாயிருந்த வீட்டில் இரண்டு பெண்கள் இறைவாக்குப் பேசினார்கள். லூக்காவுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்!

சரி, கேட்பதற்கான மௌனம் நல்லது என்றே வைத்துக்கொள்வோம். அது எளிதா? “டீச்சர், கண்ணை மூடினா தூக்கம் வருது.” “டீச்சர், செபம் பண்ண உட்கார்ந்தாதான் எல்லா ஞாபகமும் வருது.” ஞான ஒடுக்க நாட்களில் இந்தப் புகார்களை எத்தனை முறை கேட்டிருப்பேன்! உங்களுக்கு முன்னே பெரிய பெரிய புனிதைகள் இதே புகாரைச் சொல்லியிருக்கிறார்கள். அவிலா தெரேசம்மாள் 1970ஆம் ஆண்டு திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டவர். மனச்செபத்தைப் பற்றி அவரளவு எழுதியவர்கள் சிலரே. அவரே, சில ஆண்டுக்காலம் செபநேரத்தில் மணி எப்போது அடிக்கும், எழுந்து போகலாம் என்றே காத்திருந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஏழாம் பாடவேளையில் உங்கள் முகங்களை நான் பார்த்திருக்கிறேன், அப்படித்தான் இருந்திருக்கும்.

லிசியே நகரின் சிறுமலர் தெரேசம்மாள் (1873–1897) இன்னும் சுவையானவர். மாலைத் தியானத்தில் அவருக்குப் பக்கத்தில் ஒரு சகோதரி உட்கார்ந்து ஏதோ சின்னச் சத்தம் போட்டுக்கொண்டே இருப்பாராம், இரண்டு சிப்பிகளை உரசுவது போல. தெரேசாவுக்குக் காது கூர்மை. திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், சத்தம் நின்றிருக்கும். பார்க்கவில்லை. வேர்த்துக் கொட்டும்வரை பொறுத்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்காமலிருக்க முயல்வதை விட்டுவிட்டு, அதை ஓர் இசைக்கச்சேரியாகப் பாவித்துக் காதுகொடுத்துக் கேட்டு, அந்தக் கச்சேரியையே இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தார். அவர் தியானத்தில் தூங்கிவிடுவதும் உண்டு. அதற்காக மனம் உடைந்துபோகவும் இல்லை. பெற்றோருக்குத் தூங்கும் பிள்ளையும் பிரியமானதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

தெரேசாவின் அந்தக் கதை எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. செப மௌனத்துக்குச் சத்தமே இல்லாத இடம் வேண்டியதில்லை. பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடும், தெருவில் போகும் கீரைக்காரியின் குரலும், மழையும் அதற்குள் அடங்கும். ‘உஷ்’ என்று அதட்டி உண்டாக்குகிற அமைதியில் எல்லாரும் அதட்டியவரைத்தான் கவனிக்கிறார்கள்.

தமிழில் ‘சும்மா இரு’ என்று ஒரு சொல் இருக்கிறது. அடம்பிடிக்கும் பிள்ளையிடம் தாய் சொல்வதும் அதுதான், நம் நாட்டு ஞானியர் தவத்தின் முடிவாகச் சொன்னதும் அதுதான். தாயுமானவர் தம் குருவை மௌனகுரு என்றே போற்றினார். இந்த மண்ணின் மௌனத்தைத் தேடிக் கடல் கடந்து வந்த கிறிஸ்தவத் துறவியரும் உண்டு. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரையில் இருக்கும் சாந்திவனம் என்ற சச்சிதானந்த ஆசிரமத்தை 1950இல் தொடங்கியவர்கள் மோன்ஷானின், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள். அபிஷிக்தானந்தர் என்று பெயர் பூண்ட லெ சோ, திருவண்ணாமலையின் குகைகளில் தங்கி மௌனத் தவம் இருந்தவர். 1968இல் வந்து 1993இல் மறையும்வரை அங்கே வாழ்ந்த பீட் கிரிஃபித்ஸ் அடிகளார் காலத்தில், காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் தியானத்துக்கென்றே விடப்பட்டது. நம் சுற்றுலாக்களில் பாதியைத் தீம் பார்க்குகளுக்கு விட்டுவிட்டு, ஒன்றையாவது அங்கே போய்வரும் பயணமாக வைத்துக்கொள்ளலாம்.

மௌனத்தையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் உம்மணாமூஞ்சிகள் என்று பிள்ளைகள் நினைக்க வேண்டாம். புனித புரூனோ 1084இல் பிரான்சின் மலைகளுக்கிடையே தொடங்கிய கார்த்தூசிய மடத்தை ஒருவர் படமெடுக்க விரும்பி 1984இல் அனுமதி கேட்டார். பதில் வரப் பதினாறு ஆண்டுகள் ஆயின! 2005இல் வெளிவந்த அந்தப் படத்தில் விளக்கவுரை ஏதும் கிடையாது, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. ஆனால் அதே துறவியர் வாரம் ஒருமுறை மலையில் உலாவப் போகும்போது கலகலவென்று பேசுகிறார்கள். பனிச்சரிவில் சறுக்கி விழுந்து சிரிக்கிறார்கள். பிரான்சிலேயே தெய்சே என்ற ஊரில், 1940இல் அங்கே வந்த சகோதரர் ரோஜே உருவாக்கிய குழுமத்தில், தினமும் மூன்று வேளைச் செபத்தின் நடுவில் நீண்ட மௌனம் ஒன்று உண்டு. அதற்காகவே பல நாட்டு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். இளைஞர்களுக்கு மௌனம் பிடிக்காது என்று சொல்லிப் பாட்டுக்கு மேல் பாட்டாக அடுக்கும் நாம் இதை யோசிக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? பெரிய வெள்ளிக்கிழமை மாலை நம் பங்குக் கோவிலுக்கு வாருங்கள். பெரிய வியாழன் வானவர் கீதத்தோடு மணிகள் ஓய்ந்துவிட்டன. பீடம் வெறுமையாக நிற்கிறது. பாட்டில்லாமல் நடந்துவரும் குருவானவர் தரையில் முகங்குப்புற விழுகிறார். மக்கள் முழங்காலில் நிற்கிறார்கள். ஒரு கைக்குழந்தை அழுகிறது, அதை யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை. கட்டிட வேலைக்குப் போகிறவர், மீன் விற்கிறவர், வங்கி அதிகாரி, பள்ளிப் பிள்ளை எல்லாரும் அந்த நிமிடத்தில் ஒன்றாய் இருக்கிறோம். பூசை முடிந்துவிட்டதா என்று அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. நம் மக்களுக்கு மௌனம் தெரியும். ஆண்டில் ஒரு நாளோடு நிறுத்திவைத்திருக்கிறோம்.

எலியா ஓரேபு மலையில் நின்ற கதை உங்களுக்குத் தெரியும். சுழற்காற்று, நிலநடுக்கம், நெருப்பு, இவற்றில் ஆண்டவர் இல்லை. பின்னர் வந்தது மெல்லிய ஓர் ஒலி. கதையை இங்கேயே நிறுத்திவிடுவது நம் வழக்கம். அடுத்த வசனத்தையும் படியுங்கள். அந்த மெல்லிய ஒலிக்குப் பின் ஆண்டவர் கேட்டது ஒரு கேள்வி: இங்கே என்ன செய்கிறாய்? எலியா தன் மனத்தாங்கலையெல்லாம் கொட்டினார். தாம் ஒருவர்தான் மிச்சம், தம்மையும் கொல்லப் பார்க்கிறார்கள் என்று முறையிட்டார். ஆண்டவர் அவரை அடக்கவில்லை. கேட்டுவிட்டு, அடுத்துச் செய்ய வேண்டிய வேலையைக் கொடுத்தனுப்பினார். அந்த எட்டாம் வகுப்பு மாணவி இடைவேளைதோறும் சிற்றாலயத்தில் உட்கார்ந்திருந்தபோது ஆண்டவர் அவளிடமும் கேட்டிருப்பார், மகளே, இங்கே என்ன செய்கிறாய் என்று. அந்தக் கேள்வியை அவர் சார்பில் வாய்விட்டுக் கேட்க வேண்டியவள் நான்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். மாலையில் வீட்டில் செபமாலை சொல்லும்போது தொலைக்காட்சியின் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, கண்ணைத் தொடரில் வைத்திருக்கிறோம். கைப்பேசி மடியில் இருக்கிறது. ஐம்பத்து மூன்று மங்கள வார்த்தையையும் விரைவு வண்டி போல ஓட்டி முடிக்கிறோம். முடிந்ததும் மெழுகுவர்த்தியை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருங்கள். பிறகு, “இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல என்னம்மா நடந்துச்சு?” என்று கேளுங்கள். பிள்ளை பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். இதுவும் அந்த மௌனத்தின் பகுதிதான்.

மதர் அவர்களுக்கும் சகோதரிகளுக்கும் மூன்று விண்ணப்பங்கள். நடத்தைக்கு எதிரே ‘அமைதியானவள்’ என்று எழுதுமுன் வகுப்பாசிரியை அந்தப் பிள்ளையோடு ஒரு தடவையாவது தனியே பேசியிருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். காலை வழிபாட்டில் நற்செய்தி வாசித்தபின் உடனே ‘தலைப்புச் செய்திகள்’ என்று தொடங்காமல், ஒரு நிமிடம் விடுங்கள். ஒழுங்கு மாணவிகள் அந்த நிமிடத்தில் வரிசைக்குள் நடந்து உதட்டில் விரல் வைக்க வேண்டாம். அவர்களும் நின்று செபிக்கட்டும். முதல் வாரம் இருமலும் சிரிப்புமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

மூன்றாவது, வருகிற முதல் வெள்ளித் திருப்பலியில் நன்மை வாங்கியபின் நன்றிப் பாட்டை விட்டுவிட்டு மூன்று நிமிடம் மௌனம். பங்குத்தந்தையிடம் நானே வந்து பேசுகிறேன். மூன்று நிமிடம் என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் எவ்வளவு நீளம் என்று தெரியும். சிறிய வகுப்புகளுக்கு முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும், பூசை இன்னும் முடியவில்லை என்று. கீபோர்டு வாசிக்கும் பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள், அவளும் விரல்களை எடுத்துவிட்டுக் கொஞ்சம் உட்காரட்டும்.